பின்மேசைக் கண்டக்டர்

டிரைவர்: …கையை விடுய்யா. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்.

கண்டக்டர்: படி இருக்குய்யா இங்க.

டிரைவர்: படி இருந்தா படின்னு வாயால சொல்லு. சந்தைக்கு ஆட்டை இழுத்துட்டுப் போற மாதிரி இழுக்காதே.

கண்டக்டர்: சரிடாப்பா. படி. இன்னொரு படி. அடுத்தது கதவு… இதை இழுக்கணுமா, தள்ளணுமா? ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சிருக்கான், புண்ணியவான்.

டிரைவர்: தள்ளு.

கண்டக்டர்: உனக்கு எப்படித் தெரியும்?

டிரைவர்: ஏசி போட்ட கடைக்காரன் கதவு எல்லாமே உள்ளதான் போகும். தள்ளுய்யா, பசிக்குது.

பரிமாறும் பெண்: வாங்க சார், வாங்க. ரெண்டு பேருங்களா? ஜன்னலோரம் காலியா இருக்கு…

கண்டக்டர்: ஜன்னல் எதுக்கும்மா? இவருக்கு எங்க உக்காந்தாலும் ஒரே காட்சிதான்.

டிரைவர்: பாத்தியாம்மா? அந்தக் காலத்துல ஒரு பஸ்ஸு ஜனத்தை வெச்சுக்கிட்டு என்னைக் கிண்டல் பண்ணினவன். இப்ப உன்னை ஒருத்தியை வெச்சுக்கிட்டும் விட மாட்டேங்குறான். ஜன்னலோரமே குடு தாயி. மூஞ்சில வெயில் பட்டா நல்லாருக்கும்.

பரிமாறும் பெண்: இப்படி வாங்க சார். நாற்காலி முதுகு மேல உங்க கையை வெச்சுக்கங்க… ஆங், அவ்ளோதான். மேசை உங்களுக்கு முன்னாடி ஒரு சாண்ல இருக்கு.

கண்டக்டர்: பரவாயில்லையே. எவ்ளோ பதமா செய்யுது இந்தப் பொண்ணு!

டிரைவர்: நீயும் பாத்துக் கத்துக்க. ஏம்மா, நாங்க சித்த நேரம் பேசிட்டுச் சொல்றோம்… போயிட்டாளா?

கண்டக்டர்: போயிட்டா.

டிரைவர்: உன் மூஞ்சியைக் கொண்டா இப்படி.

கண்டக்டர்: எதுக்கு?

டிரைவர்: கொண்டான்னா… கடவுளே! இது கன்னமா, முள்ளுவேலியா? சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு?

கண்டக்டர்: யாரு பாக்கப் போறா? நீயா?

டிரைவர்: பாக்காட்டி என்ன, தொட்டுட்டேன்ல. கையில குத்துது. சட்டை மட்டும் தேய்ச்ச மாதிரி மொடமொடன்னு இருக்கு.

கண்டக்டர்: உனக்காகத் தேய்ச்சேன். வெளிய கூட்டிட்டுப் போறோமே, இவன் மானம் போகக் கூடாதேன்னு.

டிரைவர்: சாப்பாடெல்லாம்?

கண்டக்டர்: டீ, பன்னு. கடைப் பையன் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவான். பல்லுக்கும் சுகம், பாத்திரமும் கழுவ வேணாம்.

டிரைவர்: மூணு வேளையுமா? உன் வீட்டுக்காரி, அந்தத் தங்கச்சி மட்டும் இருந்திருந்தா…

கண்டக்டர்: யோவ். அவ பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிடுவேன். உன் விஷயம்னு கூப்பிட்டே, வந்தேன். உன் விஷயத்தைப் பேசு.

டிரைவர்: …சரி. என் விஷயம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், இதே கடை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க, ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம். என் பொண்ணு ஏற்பாடு. கத்தி, முள்கரண்டின்னு வெச்சு சாப்பிடுற இடம். எனக்குக் கண்ணு போனதுலேருந்து ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் சாப்பிடுறேன்னு உனக்குத் தெரியும்.

கண்டக்டர்: தெரியும்.

டிரைவர்: சம்பந்தியம்மா எதிர்ல உக்காந்திருக்க, நான் தட்டுல பாதி சட்டையில பாதின்னு சாப்பிட்டா? என் பொண்ணு மனசு கேக்காது. பக்கத்துல வந்து ஊட்டிவிடுவா. அத்தனை பேரு முன்னாடி அவ ஊட்டிவிட்டா நான் அழுதுருவேன்யா. அதனால இன்னிக்கு ஒரு சோதனை ஓட்டம். உன் கண்ணு, என் கை. மேசைத் துணியில எதுவும் சிந்தாம ஒரு தட்டை முடிச்சுட்டா, ஞாயித்துக்கிழமை போறேன். முடியலன்னா காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கப் போறேன்.

கண்டக்டர்: பைத்தியமாய்யா நீ? அப்பன் இல்லாம அந்தப் பொண்ணு அங்க எப்படி உக்காரும்?

டிரைவர்: உன்னையும்தான் கூப்பிட்டா. நீ வரலன்னு சொல்லிட்டியாமே?

கண்டக்டர்: நான் வேற. சிரிச்சுப் பேசுற இடத்துல நான் எதுக்கு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு? என்னை விடு. உன்னைச் சாப்பிட வெக்கிறேன், அது போதும். ஏம்மா! இங்க வாம்மா!

பரிமாறும் பெண்: சொல்லுங்க சார்.

கண்டக்டர்: இந்த அட்டையில இருக்குற பேரு ஒண்ணும் என் வாய்க்குள்ள நுழையல. மெத்துனு ஏதாச்சும் இருக்கா? கஞ்சி மாதிரி. கரண்டியில அள்ளிக் குடிக்கிறாப்புல.

டிரைவர்: கஞ்சி குடிக்கவா ஏசியில வந்து உக்காந்திருக்கேன்? ஞாயித்துக்கிழமை என்ன வெப்பீங்களோ, அதையே வெய்யிம்மா. எது கஷ்டமோ அது.

பரிமாறும் பெண்: சுட்ட கோழி, வேகவெச்ச பட்டாணி, மசிச்ச உருளைக்கிழங்கு. ஓரத்துல காளான் வரும். சாருக்குத்தான் காளான் ஆகாதே, எடுத்துடச் சொல்லிடுறேன்.

கண்டக்டர்: இவனுக்குக் காளான் ஆகாதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?

பரிமாறும் பெண்: அது… வயசானவங்க நிறைய பேரு வேணாம்னுதான் சொல்லுவாங்க சார்.

டிரைவர்: வயசானவங்கன்னு என்னையா சொல்றே? என்னைவிட இவன்தான் மூத்தவன்.

கண்டக்டர்: ஆறு மாசம் முன்னாடி பொறந்தது ஒரு குத்தமா? எனக்கு ஒண்ணும் வேணாம்மா. டீ இருந்தா ஒரு டீ.

டிரைவர்: இவனுக்கும் அதே தட்டு. நான் மட்டும் தின்னுட்டு இருக்க, இவன் வேடிக்கை பாத்தா எனக்கு வயிறு வலிக்கும்.

கண்டக்டர்: சரி, கொண்டு வா. மீந்தா கட்டிக் குடு.

டிரைவர்: எங்க உக்காந்திருக்கே நீ? எதிர்லயா?

கண்டக்டர்: எதிர்லதான்.

டிரைவர்: மேசை மேல என்னென்ன இருக்கு? சொல்லு.

கண்டக்டர்: நடுவுல சாஸ் பாட்டில். உப்பு டப்பா, மிளகு டப்பா. தண்ணி டம்ளர் உனக்கு… வலப்பக்கம்.

டிரைவர்: வலப்பக்கமா?

கண்டக்டர்: வலப்பக்கம். கையை நீட்டு. இன்னும்… இன்னும் கொஞ்சம்… ஐயோ!

டிரைவர்: என்ன?

கண்டக்டர்: மிளகு டப்பா கவுந்துருச்சு. யோவ், டம்ளர் அந்தப் பக்கம்யா!

டிரைவர்: நீதானே வலம்னே?

கண்டக்டர்: வலம்தான்யா! இதோ, இந்தக் கையி… அங்க இல்ல, இங்க… போச்சு. ஊத்திட்டே.

டிரைவர்: என் மடியில ஆறு ஓடுதுய்யா.

பரிமாறும் பெண்: பரவாயில்ல சார், தண்ணிதானே. இந்தாங்க துண்டு. நான் துடைச்சுட்டு வேற தண்ணி ஊத்தி வெக்கிறேன்.

டிரைவர்: சாப்பாடு வரதுக்குள்ளயே இந்தக் கதி. எந்திரி, போலாம். ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல்.

கண்டக்டர்: இரு இரு. உக்காரு… எங்கயோ தப்பு நடக்குது. இத்தனை வருஷத்துல நான் உனக்குத் தப்பாச் சொல்லி, வண்டி எங்கயாவது உரசியிருக்கா?

டிரைவர்: ஒரு கீறல் கிடையாது.

கண்டக்டர்: பின்னே இப்ப மட்டும்… அடச் சே! நான் எதிர்ல உக்காந்திருக்கேன்யா! எனக்கு வலம்னா உனக்கு இடம். இத்தனை காலமும் நான் உனக்குப் பின்னாடி இல்ல நின்னேன்? நீ பாக்குற பக்கம்தானே நானும் பாத்துக்கிட்டிருந்தேன்!

டிரைவர்: அட ஆமாய்யா.

கண்டக்டர்: எதிர்ல நின்னு ஒரு நாளும் உனக்கு வழி சொன்னதில்ல.

டிரைவர்: எதிர்ல நின்னிருந்தா உன் மேலயே ஏத்தியிருப்பேன்.

பரிமாறும் பெண்: அப்ப பக்கத்துல வந்து உக்காந்துக்கங்களேன் சார்.

டிரைவர்: பக்கத்துல வேணாம்மா. பக்கத்துல உக்காந்தா இவன் கையி சும்மா இருக்காது. ஊட்ட வந்துரும்.

கண்டக்டர்: பின்னாடி அந்தச் சின்ன மேசையில யாராச்சும் வராங்களாம்மா?

பரிமாறும் பெண்: யாரும் இல்ல சார். நாற்காலியை இந்தப் பக்கம் பாத்தாப்புல திருப்பிப் போடட்டுமா?

கண்டக்டர்: போடு. ஆங்… தோளுக்கு மேல எட்டிப் பாத்தா தட்டு வெக்கிற இடம் முழுசாத் தெரியுது. நெட்டையாப் பொறந்ததுக்கு இன்னிக்குத்தான் பிரயோஜனம்.

டிரைவர்: இப்ப சொல்லு.

கண்டக்டர்: டம்ளர் இடப்பக்கம். உன் சுண்டுவிரல்லேருந்து ஒரு விரக்கடை தள்ளி. புடி.

டிரைவர்: …புடிச்சுட்டேன்.

கண்டக்டர்: குடி. வெய்யி. பாத்தியா? அய்யாவுக்கு வண்டி பழகிருச்சு.

பரிமாறும் பெண்: சாப்பாடு சார். தட்டு சூடா இருக்கு, விளிம்பைத் தொடாதீங்க. உங்க தட்டு பின்மேசையில வெச்சிருக்கேன் சார்.

கண்டக்டர்: சரி, கவனி. தட்டுக்குள்ள ரூட்டு சொல்றேன். உன் வயித்துக்கு நேரா, கிட்டக்க, கோழி. அதுக்கு வலப்பக்கம் உருளைக்கிழங்கு, மெத்தை மாதிரி. இடப்பக்கம் பட்டாணி. அதுதான் மோசமான ரூட்டு, எல்லாம் உருளுது.

டிரைவர்: முள்கரண்டி?

கண்டக்டர்: இடது கையில. கத்தி வலது கையில. புடிச்சியா? சரி, இப்ப… பீ… பீ!

பரிமாறும் பெண்: சார்! சார்! இங்க விசில் அடிக்கக் கூடாது சார்!

டிரைவர்: விசிலா? இன்னும் அதை வெச்சுக்கிட்டா திரியுறே?

கண்டக்டர்: சாவிக்கொத்துல கிடந்துச்சு. ரெட்டை விசில் குடுத்தாத்தானே நீ எடுப்பே? மன்னிச்சுக்கம்மா. கரண்டியால டம்ளரைத் தட்டலாமா?

பரிமாறும் பெண்: மெதுவாத் தட்டுங்க சார்.

கண்டக்டர்: ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா போலாம்.

டிரைவர்: இரு. வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணுவேன்?

கண்டக்டர்: ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவே.

டிரைவர்: ஆண்டவனே, ஏறினவங்க எல்லாரும் பத்திரமா இறங்கணும்.

கண்டக்டர்: கோழிக்கும் சேத்தா வேண்டிக்கிறே?

டிரைவர்: அது ஏற்கெனவே இறங்கிருச்சு. நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

கண்டக்டர்: நான் சொல்றதை விட்டுட்டேன். அவருக்கும் எனக்கும் இப்பப் பேச்சுவார்த்தை இல்ல.

டிரைவர்: …சரி. உன் பேரையும் சேத்து நானே சொல்லிட்டேன். குடு.

கண்டக்டர்: டிங் டிங். கோழியைக் குத்து… அது எலும்பு, மேல ஏறு. ஆங், சதை. முள்ளை அப்படியே நிறுத்தி வெய்யி. அதை ஒட்டியே கத்தி. அவசரப்படாதே, மலைப்பாதையில இறங்குற மாதிரி. முன்ன… பின்ன… முன்ன… அறுந்துருச்சு!

டிரைவர்: வாய்க்குப் போலாமா?

கண்டக்டர்: டிங் டிங்.

டிரைவர்: …

கண்டக்டர்: எப்படி?

டிரைவர்: உப்பு கம்மி. ஆனா… நானே அறுத்தது. நல்லாருக்குய்யா. ரொம்ப நல்லாருக்கு. நீயும் ஒரு வாய் போடு.

கண்டக்டர்: நீ முதல்ல…

டிரைவர்: கண்டக்டர் பட்டினி கிடந்தா சிக்னல் தப்பாப் போகும். போடுய்யா.

கண்டக்டர்: போட்டுட்டேன், போட்டுட்டேன். …ம்ம். கோழி நல்லாத்தான் இருக்கு.

டிரைவர்: சாஸ் எங்க?

கண்டக்டர்: நேரா. அமுக்குற பாட்டில். உன் பக்கம் திருப்பாதே, அந்தப் பக்கமும் திருப்பாதே, தட்டைப் பாத்து… யோவ், மேல தூக்காதேய்யா!

டிரைவர்: சத்தம் வந்துச்சே? எங்க விழுந்துச்சு?

கண்டக்டர்: உன் தோளைத் தாண்டி வந்து என் சட்டையில.

டிரைவர்: துணியில இல்லையே?

கண்டக்டர்: துணியில இல்ல. தேய்ச்ச சட்டைய்யா! இருந்த ஒரே தேய்ச்ச சட்டை!

டிரைவர்: அப்ப கணக்குல வராது. அடுத்தது எது?

கண்டக்டர்: பட்டாணி.

டிரைவர்: அது கிடக்கட்டும். உருளைக்கிழங்கோட நிறுத்திக்கலாம்.

கண்டக்டர்: எதுக்கு நிறுத்தணும்? பாதி வழியில ஜனங்களை இறக்கிவிட்ட டிரைவரா நீ? திரும்பு இடப்பக்கம். முள்ளைக் கவுத்தாதே, கரண்டி மாதிரி மல்லாத்து. கத்தியால அந்தப் பக்கத்துலேருந்து தள்ளு. மெல்ல… ஏறுறாங்க, ஏறுறாங்க… ஹோல்டான்! ஒருத்தன் படியில தொங்குறான்!

டிரைவர்: விழுந்துருவானா?

கண்டக்டர்: ஆட்டாதே. கத்தியால லேசா இடி… உள்ள போ, உள்ள போ! நடுவுல எவ்ளோ இடம் காலியாக் கிடக்கு! தள்ளி நில்லு!

பரிமாறும் பெண்: சார்… அந்த மேசைக்காரங்க தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நிக்கிறாங்க. அவங்களைச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டாங்க.

கண்டக்டர்: உக்காருங்க சார், உக்காருங்க! பட்டாணியைச் சொன்னேன்! …யோவ், நீ சிரிக்காதே! கை ஆடுது! ஆண்டவனே, காப்பாத்து, விழப்போறான்…

டிரைவர்: யாரைக் கூப்பிட்டே இப்ப?

கண்டக்டர்: வாய் தவறி வந்துருச்சு. கவனத்தை இங்க வெய்யி. தூக்கு. வாயைத் திற. இன்னும் கொஞ்சம் மேல… டிங் டிங்!

டிரைவர்: …எத்தனை பேரு விழுந்தாங்க?

கண்டக்டர்: ஒருத்தன்கூட விழல! பஸ்ஸு ஃபுல்லு! எல்லாரும் ஸ்டாண்டுக்குள்ள போயாச்சு!

பரிமாறும் பெண்: சார், அந்த மேசைக்காரங்க கை தட்டுறாங்க.

டிரைவர்: எனக்கா?

கண்டக்டர்: உனக்குத்தான்யா. அந்த அம்மா கண்ணைத் துடைச்சுக்குது. எந்திரிச்சு ஒரு கும்பிடு போடு.

டிரைவர்: கும்பிடெல்லாம் ரூட்டு முடிஞ்சப்புறம். தட்டுல இன்னும் இருக்குல்ல? அடுத்த நடை எடு.

கண்டக்டர்: டிங் டிங். போ. அப்படித்தான்… இப்ப நான் சொல்லாமலே போறியே! வலப்பக்கம் ஒரு வாய்க்கு உருளைக்கிழங்கு இருக்கு, தொடச்சு எடு… கோழி, ஓரத்துல கடைசித் துண்டு… முடிஞ்சுது.

டிரைவர்: முடிஞ்சுதா?

கண்டக்டர்: தட்டு வெள்ளையா சிரிக்குதுய்யா!

டிரைவர்: துணி?

கண்டக்டர்: துணி இப்பத்தான் சலவைக்குப் போயிட்டு வந்தாப்புல இருக்கு. கையைக் குடு. குடுய்யா!

டிரைவர்: நீ அழுறியா?

கண்டக்டர்: மிளகு. நீ கவுத்த மிளகு கண்ணுல போயிருச்சு.

டிரைவர்: உன் தட்டு?

கண்டக்டர்: என் தட்டுக்கு என்ன?

டிரைவர்: கட்டிக் குடுக்கச் சொன்னியே. என்ன மீந்திருக்கு?

கண்டக்டர்: எங்க மீந்துச்சு? உனக்குச் சொல்லிக்கிட்டே நானும்… எலும்புதான் இருக்கு. எப்ப தின்னேன்னே தெரியல.

டிரைவர்: நல்லது. ஆனா ஒரு சங்கடம் இருக்கு.

கண்டக்டர்: இன்னும் என்ன? அதான் ஜெயிச்சுட்டியே.

டிரைவர்: இன்னிக்கு நீ பின்னாடி இருந்தே, ஜெயிச்சேன். ஞாயித்துக்கிழமை பின்னாடி யாரு இருப்பா? சம்பந்தியம்மாவையா டம்ளர் தட்டச் சொல்றது? விடு. காய்ச்சல்னே சொல்லிக்கிறேன்.

கண்டக்டர்: எத்தனை மணிக்கு வராங்க?

டிரைவர்: மத்தியானம்னு சொன்னேனே. ஏன்?

கண்டக்டர்: காலையிலயே வந்துடுறேன். உன்னைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுட்டு, நான் பின்மேசை. வேற சட்டை தேய்க்கணும். சவரம் பண்ணிக்கணும். உன் பொண்ணுக்கு ஏதாச்சும் வாங்கணுமே. சின்னப் புள்ளையில பஸ்ஸுல ஏறினா என் பையைத்தான் மாட்டிக்கிட்டுச் சுத்துவா. அவளுக்கு என்ன புடிக்கும்னு என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்… அவ இருந்திருந்தா இந்நேரம் பச்சைக் கலர்ல ஒரு புடவையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

டிரைவர்: அப்ப பச்சையே எடுப்போம். நாளைக்குக் கடைக்குப் போலாமா?

கண்டக்டர்: போலாம். நீ உக்காரு, நான் வாசல்ல போயி ஒரு வண்டி கூப்பிட்டுட்டு வரேன். ஏம்மா, அய்யாவைப் பாத்துக்க. சாஸ் பாட்டிலை மட்டும் கையில குடுத்துராதே!

டிரைவர்: …போயிட்டானா?

பரிமாறும் பெண்: போயிட்டாரு அய்யா. வாசல்ல நின்னு யாருகிட்டயோ பட்டாணிக் கதையைச் சொல்லி சிரிச்சுக்கிட்டிருக்காரு.

டிரைவர்: சிரிக்கிறானா? நல்லாப் பாத்துச் சொல்லும்மா.

பரிமாறும் பெண்: பல்லெல்லாம் தெரியுது. நான்தான் காளான் பேச்சுல மாட்டியிருப்பேன். ஒண்ணு கேக்கவா அய்யா? முதல் நாள் தனியாத் தடியை ஊனிக்கிட்டு வந்து, இதே மேசையில கரண்டியைக் கீழ போட்டுட்டு அழுதீங்க. அப்புறம் தினமும் காலையில கூட்டம் வரதுக்கு முன்னாடி வந்து பழகி, போன வாரமே இதே தட்டை ஒரு பட்டாணி சிந்தாமச் சாப்பிட்டீங்க. அன்னிக்கே ஞாயித்துக்கிழமை வரேன்னு உங்க பொண்ணுக்கு இங்கிருந்தே போன்ல சொன்னீங்க. டம்ளர் எங்க இருக்கும்னும் உங்களுக்கு நல்லாத் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் இன்னிக்கு எதுக்கு அய்யா இந்தச் சோதனை?

டிரைவர்: சோதனை எனக்குன்னு யாரும்மா சொன்னா? வீட்டுக்காரி போய்ச் சேந்ததுலேருந்து அவன் வாசப்படி தாண்டல. ஆறுதல் சொல்லப் போனவங்களையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமே நிக்க வெச்சுட்டான், என்னையும் சேத்து. கடைசியா, ‘நீ இல்லாம என்னால ஒரு வாய் சாப்பிட முடியலடா’ன்னு சொன்னேன், உடனே சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்து நின்னான்… ஞாயித்துக்கிழமை அந்தப் பின்மேசையை யாருக்கும் குடுத்துராதே தாயி, அன்னிக்கும் நான் கொஞ்சம் தடுமாறுவேன்.